பட்டமும் சான்றிதழும் பட்டறிவும்: கணினித் தொழிலின் தகைமை வரலாறு

கணினித் தொழிலுட் புக விரும்பும் மாணவர் முன் இன்று மூன்று வாயில்கள் காட்டப்படுகின்றன. பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று; தொழிற் சங்கங்களும் கணினிக் கம்பனிகளும் பரீட்சை வைத்து வழங்கும் சான்றிதழ் மற்றொன்று; வேலைத்தலத்திற் கைவரப்பெறும் பட்டறிவு மூன்றாவது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா மாணவர் விடுதிகளிலும் நேர்முகப் பரீட்சைக்குக் காத்திருப்போர் மத்தியிலும் ஓயாது எழுவது. அவ்வினா எழுப்பப்படும் முறையை நோக்கின், இம்மூன்றும் ஒரே காலத்தில் ஒரே நோக்கத்துடன் தோன்றியவை போன்ற எண்ணம் ஏற்படும். வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடந்தருவதில்லை. பட்டறிவே மூத்தது. ஏனையவை அதன் குறையை நிரப்பவும், சில வேளைகளில் அதன் உரிமையைப் பறிக்கவும் பின்னர் வந்து சேர்ந்தவை. ஒவ்வொரு தகைமையும் தோன்றிய சூழலையும், அது யாரை உள்ளே அழைத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் ஆராய்ந்த பின்னரே மேற்படி வினாவுக்கு விடை தேடுதல் பொருந்தும்.

1946ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி உலகுக்கு அறிமுகஞ் செய்யப்பட்டது. அதனை இயங்க வைத்த செய்நிரல்களை வகுத்தோர் ஆறு பெண்கள். பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கையாற் கணித்து அட்டவணை ஆக்கும் வேலைக்கென யுத்த காலத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் அவர்கள். கத்லீன் மக்னல்ற்றி, ஜீன் ஜென்னிங்ஸ் முதலியோர் கணிதப் பட்டதாரிகள். பெற்றி ஸ்னைடரோ பத்திரிகைத்துறை பயின்றவர். அந்த இயந்திரத்துக்குக் கைந்நூல் எதுவும் இருக்கவில்லை. பாதுகாப்பு அனுமதி கிடைக்கும்வரை அதனைக் காணவும் அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. மின்சுற்று வரைபடங்களை விரித்துவைத்து, அவற்றிலிருந்தே பொறியின் இயல்பை அறிந்துகொண்டனர். அவர்களுட் பலர் பெற்றிருந்த பட்டம் அவர்களைக் கதவுவரை கொண்டுவந்து விட்டது. கதவுக்கு அப்பால் இருந்த தொழிலை அவர்களே உண்டாக்க வேண்டியிருந்தது. அறிமுக விழாவின் இரவு விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தொழில் இருந்தும் தொழிலின் பெயருக்கு மதிப்பில்லாத காலம் அது. 1957இல் அம்ஸ்ரடாமிலே திருமணப் பதிவுக்குச் சென்ற எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, தமது தொழில் செய்நிரலாக்கம் என்று கூறியபோது, அப்படியொரு தொழில் இல்லையென நகர அதிகாரிகள் மறுத்தனர். இறுதியிற் பௌதிகவியலாளர் என்றே பதியப்பட்டார். பிற்காலத்திற் கணினியியலின் மேதைகளுள் ஒருவராகப் போற்றப்பட்ட அவரே தமது 1972ஆம் ஆண்டு ரியூறிங் விருதுப் பேருரையில் இதனை எடுத்துரைத்தார்.

பிரித்தானியாவில் இரு போக்குகளை அருகருகே அவதானிக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதத்தில் எட்சாக் கணினி இயங்கத் தொடங்கியது. 1953இல் எண்சார் பகுப்பாய்வும் தன்னியக்கக் கணிப்பும் என்னும் ஓராண்டு டிப்ளோமா அங்கு ஆரம்பமாயிற்று. கணினிக் கல்விக்கென ஒரு பல்கலைக்கழகம் முறையான தகைமை வழங்கிய மிகப் பழைய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. மறுபுறத்தில், தேநீர்ச் சாலைகளாற் பெயர்பெற்ற லயன்ஸ் கம்பனி 1951இல் லியோ என்னும் தனது சொந்தக் கணினியை அலுவலகக் கணக்கு வேலைகளில் ஈடுபடுத்தியது. அப்பொறியை வடிவமைத்த ஜோன் பிங்கேற்றன் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அதன்மீது வணிக வேலைகளை எவ்வாறு ஏற்றுவது என்பதை வகுத்த டேவிட் கமினரோ பல்கலைக்கழகத்தினுட் சென்றவரல்லர். லயன்சில் முகாமைப் பயிலுநராகச் சேர்ந்து, அந்நிறுவனத்தின் கணக்கும் களஞ்சியமும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை உள்ளிருந்து கற்றவர். உலகின் முதலாவது முறைமைப் பகுப்பாய்வாளர் என அவரைக் குறிப்பிடுவோர் உளர். பொறியின் அறிவும் அலுவலகத்தின் அறிவும் இருவேறு பள்ளிகளிற் கற்கப்பட்டன. லியோவுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

1950களின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. அமெரிக்க வான்பாதுகாப்புக்கென அமைக்கப்பட்ட சேஜ் என்னும் பெருந்திட்டத்துக்கு, நாட்டில் அப்போதிருந்த செய்நிரலாளர் தொகையையும் விஞ்சிய ஆட்பலம் தேவைப்பட்டது. கற்பித்து அனுப்பப் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கவில்லை. ஆகவே ராண்ட் நிறுவனத்திலிருந்து 1957இற் பிரிந்த முறைமை அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் தானே ஆயிரக்கணக்கானோரைப் பயிற்றியது. அவ்வாறு பயின்றோர் பின்னர் நாடெங்குமுள்ள கம்பனிகளுக்குப் பரவினர். பயிற்சிக்குரியோரை எவ்வாறு தெரிவது என்பதே அப்போதைய தலையாய பிரச்சினை. ஐ.பி.எம். நிறுவனம் 1955இல் ஓர் உளச்சார்புப் பரீட்சையை வகுத்தது. எண்தொடர்கள், உருவ ஒப்புமைகள், எண்கணிதப் புதிர்கள் என்பன அதன் உள்ளடக்கம். 1962 அளவில் அமெரிக்க வணிக நிறுவனங்களுள் ஏறத்தாழ 80 வீதமானவை ஏதேனுமொரு உளச்சார்புப் பரீட்சையைக் கையாண்டன என்றும், அவற்றுட் பாதியளவின ஐ.பி.எம். பரீட்சையையே பயன்படுத்தின என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. அப்புள்ளிகளுக்கும் பின்னர் வேலையிற் காட்டிய திறமைக்கும் வலுவான தொடர்பில்லை என்பதை அக்கால ஆய்வுகளே காட்டின. ஆயினும் பரீட்சை கைவிடப்படவில்லை. விண்ணப்பதாரர் கூட்டத்தை விரைவாகவுஞ் செலவின்றியும் குறைக்க அது உதவிற்று. தகைமை என்பது திறமையின் அளவுகோலாக இல்லாவிடினும் வடிகட்டியாகப் பயன்பட்டால் நிலைத்துவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இதே காலத்திற் புற்றீசல்போற் கிளம்பிய தனியார் பயிற்சிப் பாடசாலைகள் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். சில மாதங்களிற் செய்நிரலாளராகலாம் என்று விளம்பரஞ் செய்து பணம் பறித்த அவற்றுட் பல, கணினி ஒன்றையேனும் கண்ணாற் காட்டாதனவாக இருந்தன. அவற்றிற் பயின்றோரைச் சேர்ப்பதில்லை எனச் சில பெருங்கம்பனிகள் தீர்மானித்தன. ஏமாந்த மாணவருக்கு இதனால் இரட்டை நட்டம்.

பட்டறிவு ஒன்றே போதும் என வாதிடுவோர், பிரித்தானிய அரசாங்க சேவையின் அக்கால வரலாற்றை ஊன்றிப் பயிலல் வேண்டும். யுத்த காலத்திலும் அதன் பின்னரும் அங்கு கணிப்பு இயந்திரங்களை இயக்கியோர் பெரும்பாலும் பெண்களே. அவ்வேலை எந்திரகதியானது, பதவியுயர்வுக்கு இடமற்றது எனக் கருதப்பட்டமையால் அது பெண்களிடம் விடப்பட்டிருந்தது. கணினியின் வருகையோடு அதே வேலை நிருவாக அதிகாரத்தோடு பிணைந்தது என்பதை மேலதிகாரிகள் உணர்ந்தபோது, அதற்கு முகாமைத் தரத்து ஆண்களைத் தேடலாயினர். 1959இல் நிகழ்ந்த ஒன்றை வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். கணினி வேலையில் அனுபவம் மிக்க ஒரு பெண்ணிடம், முன் அனுபவம் எதுவுமற்ற இரு ஆண்கள் பயிற்சிக்கு ஒப்படைக்கப்பட்டனர். அவர் அவர்களைப் பயிற்றி முடித்தார். அவர்கள் அவருக்கு மேலான பதவியில் அமர்த்தப்பட்டனர். அவர் உதவியாளர் நிலைக்கு இறக்கப்பட்டார். அவருடைய அறிவை எவரும் மறுக்கவில்லை; அதனை நம்பித்தானே இருவரைப் பயிற்றுமாறு பணித்தார்கள்! மறுக்கப்பட்டது அவ்வறிவுக்குரிய இடம். பட்டறிவு அதனை உடையவரின் கையிலும் மனத்திலும் தங்குவது. வேறோர் அலுவலகத்துக்கோ வேறொரு நாட்டுக்கோ போகும்போது அதனை எடுத்துக்காட்ட இன்னொருவரின் சாட்சி வேண்டும். அச்சாட்சி மறுக்கப்படுமிடத்து அது இல்லாததாகி விடுகின்றது. எழுத்துமூலத் தகைமையின் வலிமை இவ்விடத்திலேயே உள்ளது. சமூக வலிமை குன்றியோருக்கே அது மிகவும் தேவைப்படுகின்றது.

அவ்வுண்மையை உணர்ந்து நடந்தோருள் ஸ்தெபனி ஷேர்லி ஒருவர். 1939இல் அகதிச் சிறுமியாக இங்கிலாந்துக்கு வந்த அவர், தபால் திணைக்களத்தின் டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்திற் பகலில் வேலை செய்து, ஆறு ஆண்டுகள் மாலை வகுப்புகளிற் பயின்று கணிதப் பட்டம் பெற்றார். 1962இல் அவர் நிறுவிய மென்பொருட் கம்பனி, பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலிருந்தே செய்நிரல் எழுதும் வாய்ப்பை அளித்தது. அவர்களது பட்டறிவுக்கு வேறெங்கும் விலை இருக்கவில்லை.

அதே 1962ஆம் ஆண்டு வேறிரு காரணங்களாலும் முக்கியத்துவம் பெறுகின்றது. பேர்டியூப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதலாவது கணினி விஞ்ஞானத் துறை அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டது. தரவு செயன்முறை முகாமைச் சங்கம் தனது தொழிற் சான்றிதழுக்கான முதலாவது பரீட்சையை நடத்தியதும் அவ்வாண்டிலேயே. துளையட்டை இயந்திரக் கணக்காளரின் சங்கமாகத் தோன்றிய அவ்வமைப்பினர், கணக்காளருக்குள்ள சமூக மதிப்பைத் தாமும் பெற விழைந்தனர். மதிப்புக்குக் கட்டுப்பாடு வேண்டும். கட்டுப்பாட்டுக்குப் பரீட்சை வேண்டும். இவ்வளவிற் குழப்பமில்லை. ஆனால், உண்மையான உயர்தொழில் எனக் கொள்ளப்பட வேண்டுமாயின் சான்றிதழ் பெறுவோர் பட்டதாரிகளாகவும் இருத்தல் வேண்டும் என்ற கருத்துச் சங்கத்தினுள் எழுந்தபோது பெருஞ் சர்ச்சை மூண்டது. அங்கத்தவருட் பெரும் பகுதியினர் அலுவலகத்தின் கீழ்ப்படியில் தொடங்கி உழைப்பால் உயர்ந்தவர்கள், பட்டமில்லாதவர்கள். தம் தொழிலின் மதிப்பை உயர்த்தத் தாமே ஏற்படுத்திய சான்றிதழ் தம்மையே வெளியே தள்ளுமோ என அவர்கள் அஞ்சினர். எதிர்ப்பு வலுத்தது, பட்டத்தை நிபந்தனையாக்கும் முயற்சி நிறைவேறவில்லை. பல்கலைக்கழகத்தாரின் செல்வாக்கு மிகுந்திருந்த கணிப்பு இயந்திரச் சங்கமோ இச்சான்றிதழைப் பாராமுகமாகவே நடத்தியது. முடிவில் வேலை கொடுப்போரும் அதனைக் கட்டாயமாக்கவில்லை. 1973இல் அமைந்த கணினி உயர்தொழிற் சான்றாக்க நிறுவகத்திடம் அப்பரீட்சை கையளிக்கப்பட்டது. இரு சாராரும் ஒருவர் தகைமையை மற்றவர் ஏற்க மறுத்தமையாலேயே, வைத்தியத்துக்கும் சட்டத்துக்கும் உள்ளது போன்ற ஒரே வாயில் கணினித் தொழிலுக்கு அமையாது போயிற்று எனல் தவறாகாது. அவ்வாறு அமையாதது நன்மையா தீமையா என்பது வேறு விடயம்; பட்டமற்ற பல்லாயிரவருக்கு அது நன்மையாகவே முடிந்தது.

பல்கலைக்கழகங்களின் பக்கத்திலும் ஐயப்பாடுகள் இல்லாமலில்லை. 1968இல் கணிப்பு இயந்திரச் சங்கம் வெளியிட்ட பாடத்திட்டம் உலகெங்கும் முன்மாதிரியாயிற்று. கணிதக் கோட்பாட்டின் சாயல் அதில் மிகுதி. அவ்வாண்டு ரியூறிங் விருது பெற்ற றிச்சர்ட் ஹமிங், தமது பேருரையிற் செய்முறைப் பயிற்சியின் அவசியத்தை அழுத்திக் கூற நேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷில் நேட்டோ அமைப்பின் ஆதரவிற் கூடிய மகாநாடு, மென்பொருள் ஆக்கம் பொறியியலுக்குரிய ஒழுங்கைப் பெறவேண்டும் என்ற குரலை எழுப்பியது. பட்டம் பெற்றவருக்கு வேலை தெரியவில்லை என்ற முறைப்பாடு இன்று பிறந்ததன்று என்பதற்காக இவை இங்கு குறிக்கப்படுகின்றன.

சான்றிதழின் இரண்டாவது பிறப்பு முற்றிலும் வேறு இயல்பினது. 1980களின் பிற்பகுதியில் நொவெல் நிறுவனமும், 1992இல் மைக்ரோசொப்டும், 1993இல் சிஸ்கோவும் தத்தம் உற்பத்திப் பொருள்களைக் கையாள்வோருக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கின. தொழிலின் மதிப்பைக் காக்கும் நோக்கம் இங்கு முதன்மை பெறவில்லை. வலையமைப்புப் பொருள்களை விற்பவருக்கு அவற்றைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் வல்லார் நாடெங்கும் தேவைப்பட்டனர். அத்தகையோர் மிகுந்தால் விற்பனையும் மிகும். பல்கலைக்கழக அனுமதி கிட்டாத இளைஞர் பலர் இதனாற் பயனடைந்தனர் என்பதில் ஐயமில்லை. சிஸ்கோவின் உயர்நிலைச் சான்றிதழுக்கு ஆய்வுகூடச் செய்முறைப் பரீட்சை இருந்தமையால் அது நெடுங்காலம் மதிப்பிழக்கவில்லை. வினாக்களை மனனஞ் செய்தே சித்தியடையக்கூடிய பரீட்சைகளோ விரைவில் ஏளனத்துக்கு உள்ளாயின.

இச்சான்றிதழ்களின் ஆயுள், சான்றிதழ் பெற்றவரின் கையில் இல்லை. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் தனது வின்டோஸ் என்.ரி. 4.0க்குரிய பொறியியலாளர் சான்றிதழ் 2001இன் முடிவோடு செல்லுபடியற்றதாகும் என்றும், புதிய பரீட்சைகளை எழுதியே அத்தகைமையைக் காத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. பெரும் கண்டனம் எழுந்தது. 2001 ஒக்டோபரில் அந்நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆயினும் 2021 ஜனவரி 31ஆம் திகதியோடு அச்சான்றிதழ் வரிசை முழுவதுமே முடிவுறுத்தப்பட்டு, முகிற் கணிமை சார்ந்த வேறு வரிசை அதன் இடத்தைப் பெற்றது. கேம்பிரிட்ஜ் டிப்ளோமாவை 1954இற் பெற்றவர் கற்ற எண்சார் பகுப்பாய்வு இன்றும் எண்சார் பகுப்பாய்வே.

பட்டறிவுக்கும் பட்டத்துக்கும் இடையே எவரேனும் எழுத்தில் நாணயமாற்று விகிதம் வகுத்ததுண்டா எனத் தேடின், அது ஒரு கல்விக்கூடத்திலன்றிக் குடிவரவு விதிகளிற் காணப்படுதல் விந்தையே. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்வழி உருப்பெற்ற எச்-1பி அனுமதி, பட்டம் வேண்டப்படும் சிறப்புத் தொழில்களுக்குரியது. பட்டமில்லாதவர் விடயத்திற் குறைவுறும் ஒவ்வொரு பல்கலைக்கழக ஆண்டுக்கும் மூன்று ஆண்டுச் சிறப்பு வேலை அனுபவத்தை ஈடாகக் கொள்ள அதன் ஒழுங்குவிதிகள் இடந்தருகின்றன. அவ்வழி நோக்கின், நான்காண்டுப் பட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு விலை. இலங்கையின் மூன்றாண்டுப் பொதுப் பட்டதாரியும் எஞ்சிய ஓராண்டுக்காக இதே கணக்கைப் போட வேண்டியவராகலாம். அவருக்குப் பாடம் போதாது என்று ஒருவரும் சோதித்து முடிவு கூறவில்லை. ஆண்டுகளை எண்ணினார்கள், அவ்வளவே.

அண்மைக் காலத்தில் வேலை கொடுப்போர் சிலர் பட்டத்தை வேண்டுவதில்லை எனப் பகிரங்கமாக அறிவித்துள்ளனர். ஐ.பி.எம். அவ்வழியை 2010களிலேயே முன்வைத்தது. மேரிலாந்து மாநிலம் 2022இல் ஆயிரக்கணக்கான அரச பதவிகளுக்குப் பட்ட நிபந்தனையை நீக்கியது. எனினும் ஹார்வார்ட் வணிகப் பாடசாலையும் பேர்னிங் கிளாஸ் நிறுவகமும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய மாற்றத்தாற் புதிதாக வாய்ப்புப் பெற்றோர் வேலைக்குச் சேர்க்கப்பட்டோருள் 700க்கு ஒருவர்கூட இல்லை எனக் கண்டது. விளம்பரத்திலிருந்து ஒரு வரியை நீக்குதல் எளிது. விண்ணப்பக் கட்டை எதிரே குவிந்திருக்கும் அதிகாரி, 1962இன் உளச்சார்புப் பரீட்சையைப் போன்ற ஏதோவொரு வடிகட்டியை நாடவே செய்கிறார்.

இலங்கையைப் பொறுத்தவரை இப்பிரச்சினை முற்றிலும் புதியதன்று. கல்லூரியினுட் காலடி வைக்காமலே பரீட்சை எழுதித் தகைமை பெறும் மரபு இங்கு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களை வெளிவாரி மாணவருக்குத் திறந்துவிட்டது. 1921இல் அமைந்த கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. நாட்டின் மூத்த தலைமுறைக் கல்விமான்கள் பலர் அவ்வழி வந்தவர்களே. அனுமதி பெறுவோர் தொகை விண்ணப்பிப்போர் தொகையிற் சிறு பங்காகவே இருந்து வந்த நாட்டில், வெளிவாரிப் பரீட்சைக்கு எப்போதும் ஒரு தேவை இருந்தது. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுத்தப்பட்டபின், விஞ்ஞானம் சார்ந்த துறைகளிற் புகும் தமிழ் மாணவர் விகிதம் வீழ்ச்சியடைந்தது. மருத்துவமும் பொறியியலும் கைநழுவியோர்க்குக் கணக்கியலும் பின்னர் கணினியும் மாற்று வழிகளாயின.

அவ்வழிகளுள் முதன்மையானது பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பரீட்சையாகும். 1957இல் நிறுவப்பட்டு 1984இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கம், தன் உயர்நிலைப் பரீட்சையைச் சிறப்புப் பட்டத்தின் தரத்துக்கு நிகரானதாகக் கொண்டது. அதற்குத் தோற்றிய வெளிநாட்டவருள் இலங்கையர் கணிசமானோர். கொழும்பின் தனியார் வகுப்புகளில் அலுவலகம் முடிந்த மாலைப்பொழுதுகளிற் பயின்று சித்தியடைந்தோர் உள்நாட்டு வங்கிகளிலும் மென்பொருட் கம்பனிகளிலும் மாத்திரமன்றி மேற்கு நாடுகளிலும் பதவி வகித்தனர்.

உள்நாட்டிற் கணினிக் கல்வி வேரூன்றியமைக்கு வி. கே. சமரநாயக்காவின் பணி பெருங் காரணம். கணிதம் பயின்ற அவர் கணினியியலிற் பட்டம் பெற்றவரல்லர். அவர் மாணவராயிருந்த காலத்தில் அப்பட்டம் இந்நாட்டில் இருக்கவுமில்லை. 1976இல் இலங்கைக் கணினிச் சங்கம் தோன்றிற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழினுட்ப நிறுவகம் 1987இல் அமைந்து, 2002இற் கணினிக் கற்கைகள் நிலையமாக விரிவடைந்தது. இடையில், 2000ஆம் ஆண்டில், அங்கு தகவல் தொழினுட்பவியலுக்கான வெளிவாரிப் பட்டம் தொடங்கப்பெற்றது. பாடவிதானமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தினுடையவை. கற்பித்தல் நாடெங்குமுள்ள தனியார் நிறுவனங்களினது, அல்லது மாணவரின் சுயமுயற்சியினது. ஒருவகையில் இது 1858இன் இலண்டன் முறையேயாகும். அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. முதலாம் ஆண்டை முடித்தவர் டிப்ளோமாவோடும், இரண்டாம் ஆண்டை முடித்தவர் உயர் டிப்ளோமாவோடும் வெளியேறலாம். மூன்றாம் ஆண்டின் முடிவிற் பட்டம். வேலை கிடைத்ததும் படிப்பை நிறுத்த நேர்ந்தவர் வெறுங்கையோடு செல்வதில்லை. சான்றிதழிலிருந்து பட்டத்துக்கு ஏறும் படிக்கட்டு ஒன்று அங்கு அமைக்கப்பட்டது. படிக்கட்டின் ஒவ்வொரு தட்டிலும் நின்று சம்பாதித்து, அடுத்த ஆண்டின் பரீட்சைக் கட்டணத்தைத் தாமே செலுத்தியவர்கள் அம்மாணவருட் பலர்.